லிட்டருக்கு மூன்றரை ரூபாய்

புங்க எண்ணெயில் இளஞ்சிவப்பு தெரியாது. கல்லூரி ஆய்வகத்தில் கூம்புக் குடுவையில் இருப்பது தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். பியூரெட்டிலிருந்து காரம் சொட்டுச் சொட்டாக விழுந்து, ஒரு சொட்டில் சட்டென்று ரோஜா நிறமாகும். யாரும் பார்த்துச் சொல்லிவிடலாம். புங்க எண்ணெயிலிருந்து டீசல் செய்யும் எங்கள் ஷெட்டில் குடுவைக்குள் இருப்பது டிகாக்‌ஷன் மாதிரி ஒன்று. முடியும் இடத்தில் அது கொஞ்சம் சிவந்த டிகாக்‌ஷன் ஆகும். அவ்வளவுதான் வித்தியாசம். அது எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

"எவ்ளோ வந்துச்சு?" என்று அப்பா என் சோதனை மூலையின் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்.

"பதினொண்ணு."

"போன லோடு ஒம்பதுதானே?"

"இது இன்னும் பழசுப்பா."

அவர் பேரலைத் தர்பூசணியைத் தட்டுவது போல விரலால் தட்டினார். "பரவால்ல. விலைக்கேத்த சரக்கு. நீ பாத்துக்குவே."

பதினொன்று என்றால் எண்ணெயில் நூற்றுக்குப் பதினொரு பங்கு கெட்டு அமிலமாகிவிட்டது என்று பொருள். விதை மழையில் நனைந்து, பூஞ்சை பிடித்து, அதன் பிறகு ஆட்டினால் இப்படி வரும். இதை நேராகக் காரத்தோடு சேர்த்தால் டீசல் வராது, சோப்பு வரும். முதலில் மெத்தனாலும் கந்தக அமிலமும் விட்டு ஒருமுறை காய்ச்ச வேண்டும். மறுபடி சோதிக்க வேண்டும். அமிலம் இறங்கிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் காரம். ஒவ்வொரு பேரலும் வேறு. ஒவ்வொன்றுக்கும் அளவு வேறு.

அப்பா ஆவடி ஃபேக்டரியில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் இந்த ஷெட்டைப் பிடித்தார். சாப்பிட முடியாத எண்ணெய், அதனால் யாரும் போட்டிக்கு வர மாட்டார்கள், எப்போதும் மலிவாகக் கிடைக்கும் என்பது அவருடைய கணக்கு. முதல் வருடம் அப்படித்தான் இருந்தது. ஆனால் சாப்பிட முடியாத எண்ணெயைச் சோப்புக்காரர்கள் கேட்டார்கள். தோல் பதனிடுகிறவர்கள் கேட்டார்கள். பூச்சிமருந்துக்காரர்கள் கேட்டார்கள். எங்களைப் போல டீசல் செய்யக் கிளம்பிய நான்கு பேரும் கேட்டதும், மில்காரர் விலையை ஏற்றினார். நல்ல புங்க எண்ணெய் இப்போது லிட்டர் எண்பத்தைந்து ரூபாய். பெட்ரோல் பங்கில் சாதா டீசலே தொண்ணூற்றிரண்டு. அதனால் நாங்கள் கெட்ட எண்ணெய்க்கு மாறினோம். அது அறுபத்திரண்டு.

போன மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. நான் படுத்திருந்தபோது அப்பா தானே சோதித்துப் பார்த்து, மூன்று என்று முடிவு செய்து, காரத்தைக் கொட்டிவிட்டார். முந்நூறு லிட்டரும் உலைக்குள் கெட்டியாகிவிட்டது. தமிழரசு அதை மண்வெட்டியால் வெட்டி எடுத்தான். அவன்தான் எங்கள் ஒரே ஆள். உலையை ஓட்டுவது, கழுவுவது, கேன் தூக்குவது எல்லாம் அவன். படித்தவள் என்பதால் என்னை டீச்சர் என்பான்.

"டீச்சர், நீ இல்லாத அன்னிக்கு சார் அல்வா கிண்டிட்டாரு," என்றான் நான் திரும்பி வந்த அன்று. "திருநெல்வேலி தோத்துச்சு போ."

அப்பாவும் சிரித்தார். அதற்குப் பிறகு எனக்குத் தலைவலி என்றால்கூட அவர் முகம் மாறும். மாத்திரை வாங்கிவர உடனே ஓடுவார்.

எம்.எஸ்ஸி. முடித்த மாதம் "கொஞ்ச நாள் வந்து பாத்துக் குடு" என்று கூப்பிட்டார். அப்படித்தான் வந்தேன். காலையில் திருநின்றவூரில் இருவரும் ஒரே ரயிலில் ஏறுவோம். அவர் ஆண்கள் கூட்டத்தில் நின்றுகொள்வார், நான் பெண்கள் பெட்டியில். பட்டரவாக்கத்தில் இறங்கி நடப்போம். சாயங்காலம் அதே வழியில் திரும்புவோம். சீசன் டிக்கெட் அவர் எடுத்துத் தருவார். துணி, செருப்பு, போன் ரீசார்ஜ் எல்லாம் கேட்காமலே நடக்கும். அம்மா ஒருமுறை, "அவளுக்குன்னு கைல ஏதாவது குடுங்களேன்" என்று சொல்லிப் பார்த்தாள்.

"இதெல்லாம் யாருக்கு ஷோபனா?" என்றார் அப்பா. "இருக்கறது ஒரே பிள்ள. ஷெட்டே அவளுதுதானே?"

 

ஒரு திங்கட்கிழமை தமிழரசு வேலையை விட்டான். உள்ளே வந்து, கையுறையைக் கழற்றி மேஜையில் போட்டான்.

"சார், அடுத்த தெரு ரப்பர் கம்பெனில பதினெட்டாயிரம் தர்றேன்னு கூப்ட்டுகினே கீறான். நாளைலேர்ந்து நான் வர்ல."

"டேய், திடீர்னு சொன்னா எப்படிடா?"

"இன்னா திடீர்னு? சனிக்கெழமையே சொல்லலாம்னு வந்தேன். நீங்கோ கரண்ட் பில்ல பாத்துகினு ஒரு மாதிரியா இருந்தீங்கோ. பாவமேன்னு வுட்டுட்டேன்."

டீக்கடை வரை இருவரும் போனார்கள். டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தபோது அவனுக்கு ஆயிரத்தைந்நூறு ஏறியிருந்தது. கையுறையை மாட்டிக்கொண்டான். என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"ரப்பர் கம்பெனி நெஜமாவே கூப்பிட்டாங்களா?" என்று அவனிடம் அப்புறம் கேட்டேன்.

"கூப்ட்டா இன்னா, கூப்டாகாட்டி இன்னா? டீச்சர், தூக்கினுகீற கேன எறக்கி வெச்சாத்தான் எவ்ளோ வெயிட்டுன்னு அவங்களுக்குத் தெரியும்."

சுவரில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. ஒரு லிட்டர் செய்ய என்ன ஆகிறது என்று அப்பா அதில் எழுதி வைத்திருப்பார். மாதம் ஏழாயிரத்தைந்நூறு லிட்டர் என்று வைத்து வகுத்தது. எண்ணெய் அறுபத்திரண்டு. மெத்தனாலும் மற்ற ரசாயனங்களும் ஒன்பதரை. மின்சாரம் மூன்று. வாடகைக்கும் வண்டிக்கும் நான்கு அறுபது. ஆள் கூலி என்ற இடத்தில் இரண்டு இருபதை விரலால் அழித்துவிட்டு, இரண்டு நாற்பது என்று எழுதினார். கீழே மொத்தம் எண்பத்தொன்றரை ஆயிற்று.

இருபது காசு. தமிழரசு கையுறையைக் கழற்றிப் போட்டதற்கு அந்தப் பலகையில் இடம் இருந்தது. நான் என் தடுப்புக்குள் போய் உட்கார்ந்தேன். பிளைவுட் தடுப்பு. அதில் அப்பா ஒரு சின்னக் கண்ணாடி வைத்திருந்தார், வெளியிலிருந்து பார்த்தால் நான் என்ன செய்கிறேன் என்று தெரியும்படி. எனக்குக் கையுறையைக் கழற்றிப் போடத் தோன்றியது. போட்டால் என்ன ஆகும்? அப்பா, "கை வலிக்குதாம்மா?" என்று கேட்பார்.

அதே வாரம்தான் மின்னஞ்சல் வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஒரு பெயின்ட் தொழிற்சாலையின் தரச்சோதனை ஆய்வகத்தில் வேலை. நேர்முகத் தேர்வைத் திருநின்றவூர் ஸ்டேஷனின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய்த் திரும்பும் வழியில், போனிலேயே முடித்திருந்தேன். கிடைக்கும் என்று நினைக்கவில்லை. அதனால் வீட்டில் சொல்லவில்லை. சம்பளம் இருபத்தாறாயிரம். பூந்தமல்லியிலிருந்து கம்பெனி பஸ். ஒன்றாம் தேதி சேர வேண்டும். வருகிறேனா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

எப்படிச் சொல்வது என்று செவ்வாய் முழுவதும் யோசித்தேன். அப்பா அன்று என்னிடம் பேசும் நிலையில் இல்லை. மிகவும் சந்தோஷமாக இருந்தார். பூந்தமல்லி தாண்டி இருக்கும் ஒரு இன்ஜினீயரிங் கல்லூரி, தன் பஸ்களில் டீசலோடு ஐந்தில் ஒரு பங்கு எங்கள் சரக்கைக் கலந்து ஓட்டிப் பார்த்திருந்தது. புகை குறைவு. இன்ஜினில் கோளாறு இல்லை. தினமும் முந்நூறு லிட்டர் எடுக்கத் தயார் என்று சொல்லி, புதன்கிழமை பேச வரச் சொல்லியிருந்தார்கள்.

"நீயும் வா," என்றார் அப்பா. "டெக்னிக்கலா ஏதாவது கேட்டா நீதானே சொல்லணும்."

எங்கள் சின்ன லோடு வண்டியான குட்டி யானையில் போனோம். அப்பா ஓட்டினார். பின்னால் மாதிரிக்கு இரண்டு கேன். திருவேற்காடு தாண்டும் வரை அவர் கணக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். எண்பத்துநான்குக்குக் கொடுத்தால் லிட்டருக்கு இரண்டரை ரூபாய் நிற்கும். முதல் முறையாக நிற்கும். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு மனதுக்குள் வேறொன்றை வகுத்தேன். இருபத்தாறாயிரத்தை ஏழாயிரத்தைந்நூறால். மூன்றரைக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது.

போக்குவரத்து அதிகாரியின் பெயர் சுப்பராயன். பல வருடம் பஸ் டிப்போவில் இருந்துவிட்டு இங்கே வந்தவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, அப்பா கொடுத்த தாளை ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்தார்.

"எண்ணெய் அறுபத்திரண்டா? நல்ல எண்ணெய் எண்பத்தஞ்சுன்னு சொல்றாங்களே சார்."

"நாங்க கொஞ்சம் பழைய சரக்கு எடுப்போம் சார். ஆனா அவுட்புட்ல ஒரு குறையும் வராது. ஒவ்வொரு பேரலும் டெஸ்ட் பண்ணித்தான் போடுவோம்."

"டெஸ்ட் எங்க குடுக்கறீங்க? கிண்டி லேப்லயா?"

"வெளிய எதுக்கு சார்? நம்ம பொண்ணு. எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. யுனிவர்சிட்டில ரேங்க்."

ரேங்க் இல்லை. நான் தரையைப் பார்த்தேன்.

சுப்பராயன் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "அப்ப எல்லாம் இவங்க கையிலதான் இருக்கு. நாளைக்கு கல்யாணம் ஆகிப் போயிட்டா?"

"மாப்பிள்ளைய இந்தப் பக்கமே பாத்துடுவோம் சார்," என்று அப்பா சிரித்தார். "அம்பத்தூர், ஆவடி. அத தாண்ட மாட்டோம்."

"கெட்டிக்காரர் சார் நீங்க," என்று அவரும் சிரித்தார்.

அம்பத்தூர், ஆவடி என்ற எல்லையை நான் அன்றைக்குத்தான் முதலில் கேள்விப்பட்டேன். அப்பா வேடிக்கையாகச் சொல்லவில்லை. அவர் குரல் எனக்குத் தெரியும். அதை அவர் முன்பே யோசித்து வைத்திருந்தார்.

"சரி, ரெண்டு வருஷத்துக்கு அக்ரிமென்ட் போடலாம்," என்றார் சுப்பராயன். "எண்பத்துநாலு. அதுக்கு மேல ஒரு காசு கேக்கக் கூடாது. ஒவ்வொரு லோடுக்கும் இவங்க கையெழுத்து போட்ட சர்ட்டிபிகேட் வேணும். பஸ் ரோட்ல நின்னா நான் யார புடிக்கறது? இவங்க பேரையும் அதுல போட்டுடுங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "என்னம்மா, ரெண்டு வருஷம் இருப்பல்ல?"

அப்பா என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். தலையாட்டு என்று அர்த்தம்.

அந்த இடத்தில் "இருக்க மாட்டேன்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அது வரவில்லை. எனக்குச் சொல்ல முடிந்ததைச் சொன்னேன்.

"இந்தக் கணக்குல ஒரு வரி விட்டுப்போச்சு சார்."

"எது?"

"டெஸ்ட் பண்றவங்க சம்பளம். லிட்டருக்கு மூணரை ரூபா."

 சுப்பராயன் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டார். கணக்குப் போட அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"எண்பத்தஞ்சு ஆயிடுதே. எண்பத்துநாலுக்கு எனக்குக் குடுத்தா ஒரு ரூபா நஷ்டம்."

"ஆமா சார்."

"அப்ப எங்க காலேஜ் பஸ்ஸுக்கு மானியம் குடுக்கறது நீயா?" என்று அவர் கேட்டார். கேலியாகத்தான் ஆரம்பித்தார், பாதியில் அது கேலியாக இல்லாமல் போய்விட்டது. தாளை மடித்து அப்பா பக்கம் நகர்த்தினார். "வீட்ல பேசிட்டு வாங்க சார். என் விலை எண்பத்துநாலுதான். அதுல மாத்தம் இல்ல."

 மாங்காடு கூட்டுரோடு சிக்னலில் அப்பா இன்ஜினை அணைத்தார்.

"சம்பளம் வேணும்னா எங்கிட்ட கேட்டிருக்கலாமே. குடுக்க மாட்டேன்னா சொன்னேன்?"

"எதுலேர்ந்துப்பா குடுப்பீங்க?"

அவர் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல எண்ணெய்க்கு மாறிட்டா டெஸ்ட்டே வேணாமே."

"எண்ணெயே எண்பத்தஞ்சு. மத்ததெல்லாம் மேல."

"வேற ஆள் வெச்சா?"

"இதே சம்பளம் கேப்பாங்க. கூடவும் கேப்பாங்க."

"அப்ப மூடணும்," என்றார்.

பயமுறுத்துவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. கணக்கின் கடைசி வரியைப் படிப்பது போலச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

வியாழக்கிழமை அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பெயின்ட் தொழிற்சாலையைப் பற்றி நானும் பேசவில்லை. இரவு சாப்பிடும்போது தன் தட்டிலிருந்த வறுத்த மீனை எடுத்து என் தட்டில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை நான் ஷெட்டுக்குள் நுழைந்தபோது என் மேஜையில் முத்திரைத்தாள் இருந்தது. மேலே பேனா. அக்ரிமென்ட்டை டைப் செய்தே கொண்டு வந்துவிட்டார். உரிமையாளர் கிறிஸ்துதாஸ். அவர் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. அதற்குக் கீழே தொழில்நுட்பப் பொறுப்பாளர், ஃபெபி, கிறிஸ்துதாஸின் மகள், வயது இருபத்துநான்கு, இந்த ஒப்பந்தக் காலமான இரண்டு ஆண்டுகளுக்கு.

தமிழரசு எட்டிப் பார்த்தான். "இன்னா டீச்சர், பேர்லாம் டைப் அட்சி கீது! பெரிய ஆளாய்ட்ட. ட்ரீட்டு இல்லியா?"

அப்பா உலைக்குப் பக்கத்தில் நின்று தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்ப்பது அவர் வேலை இல்லை. நான் கண்ணாடி வழியாக அவர் முதுகைப் பார்த்தேன். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. கையெழுத்துப் போட்டால் இரண்டு வருடம் லிட்டருக்கு இரண்டரை ரூபாய் நிற்கும். போடாவிட்டால் இந்த ஷெட் நிற்காது. பேனாவைக் கையில் எடுத்தேன். எடுத்தேன் என்பது உண்மை. மூடியைக்கூடத் திறந்தேன்.

அப்போது போன் அடித்தது. பெயின்ட் தொழிற்சாலையிலிருந்து. உள்ளே பேச முடியாது என்று சந்துக்கு வந்தேன்.

"ஃபெபி, இன்னிக்கு லாஸ்ட் டேட். நீங்க ஒண்ணும் ரிப்ளை பண்ணல. ஜாயின் பண்றீங்களா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"வர்றேன்," என்றேன்.

அடுத்த ஷெட்டில் லேத் ஓடிக்கொண்டிருந்தது. "ஹலோ? கேக்கல. என்ன சொன்னீங்க?"

"வர்றேன் மேடம்."

"சாரி, சரியா கேக்கல. வர்றீங்களா, வரலையா?"

"வர்றேன்!" என்று கத்தினேன். "ஒண்ணாம் தேதி வேலைக்கு வர்றேன்!"

வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை. எதிர் ஷெட்டில் பீடி பிடித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். நான் திரும்பினேன். ஷட்டருக்குக் கீழே தமிழரசு வாயைப் பிளந்து நின்றான். அவனுக்குப் பின்னால் அப்பா.

"எந்த வேலைக்கு?" என்று கேட்டார்.

சொன்னேன். இடம், சம்பளம், பஸ். அவர் நடுவில் குறுக்கிடவில்லை. முடித்ததும், "எப்ப எழுதிப் போட்டே?" என்று மட்டும் கேட்டார். பிறகு உள்ளே போய் முத்திரைத்தாளை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் ரயிலில் அவரும் நானும் ஒரே பெட்டியில் ஏறவில்லை. அது வழக்கம்தான். ஆனால் நான் பட்டரவாக்கத்துக்கு வந்தபோது அவர் முந்தைய ரயிலிலேயே போயிருந்தார்.

மாத முடிவு வரை நான் சோதித்துக் கொடுத்தேன். தமிழரசுக்கு நிறத்தைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தேன். அவன் குடுவையை வெளிச்சத்தில் பிடித்து, "எல்லாம் டீ கலர்தான் டீச்சர், லைட் டீயா ஸ்ட்ராங்கான்னு வேணா சொல்றேன்," என்றான். சுப்பராயன், அக்ரிமென்ட் இல்லாவிட்டால் மூன்று மாதம் எடுத்துப் பார்க்கிறேன், ஒரு லோடு கெட்டாலும் நிறுத்திவிடுவேன் என்று சொல்லியிருந்தார். அம்மாதான் இதை என்னிடம் சொன்னாள். அப்பா என்னிடம் சொல்லவில்லை.

ஒன்றாம் தேதி பெயின்ட் தொழிற்சாலையில் எனக்கு ஒரு வெள்ளைக் கோட்டும், பெயர் போட்ட அட்டையும், ஒரு ஜன்னலும் கிடைத்தன. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம். யாரும் என்னை எட்டிப் பார்க்கவில்லை. நாள் முழுவதும் வெள்ளை பெயின்ட்டின் அடர்த்தியை அளந்தேன். மதியம் தனியாகச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

சாயங்காலம் பஸ் பூந்தமல்லியில் நின்றது. இறங்கினேன். டிரங்க் ரோட்டின் ஓரத்தில் குட்டி யானை நின்றிருந்தது. அப்பா வெளியே சாய்ந்து நின்றிருந்தார். என் அட்டையைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். கழற்ற மறந்திருந்தேன்.

"நல்லா இருக்கா எடம்?"

"நல்லா இருக்குப்பா."

வண்டிக்குள் கை விட்டு ஒரு துணிப்பையை எடுத்தார். உள்ளே இரண்டு மாதிரிப் புட்டிகள். இரண்டிலும் கறுப்பாக எண்ணெய்.

"கிண்டில ஒண்ணுக்கு அறுநூறு கேக்கறான். ரிசல்ட் வர ரெண்டு நாளாவுது. அதுக்குள்ள உலை காலியா கெடக்குது." பையை நீட்டவில்லை, தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தார். "ரெண்டுதான். அர மணி நேரம்."

நான் பையைப் பார்த்தேன். பக்கத்தில் கம்பெனி பஸ் கிளம்பிப் போனது.

"ஒண்ணுக்கு முந்நூறு," என்றேன்.

"என்னது?"

"ஒரு சாம்பிளுக்கு முந்நூறு ரூபாப்பா."

 கோபம் வரும் என்று காத்திருந்தேன். அவர் உதடு அசைந்தது. வகுத்துக்கொண்டிருந்தார்.

"முந்நூறு கட்டாது," என்றார். மில்காரரிடம் பேசும் குரல். என்னிடம் அந்தக் குரலில் அவர் பேசியதே இல்லை. "எரநூறு போட்டுக்க."

"எரநூத்தம்பது."

"ரெண்டு நாளைக்கு ஒருவாட்டின்னா அது சரி. தெனமும் கொண்டாந்தா?"

தினமும் என்ற சொல்லைக் கேட்ட பிறகு நான் வேறு ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.

"தெனமும்னா எரநூறு," என்றேன்.

அவர் உதடு மறுபடி அசைந்து நின்றது. லிட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்குள் அடங்கியிருக்க வேண்டும். முகம் தெளிந்தது. எனக்காகக் கதவைத் திறந்து பிடித்தார். வாடிக்கையாளருக்கு வண்டிக்காரர் திறப்பது போல.

"ஷெட்டுக்கா?"

"பின்ன? உன் பியூரெட்டு அங்கதானே இருக்கு. தமிழரச இருக்கச் சொல்லியிருக்கேன்."

ஏறினேன். பையை என் மடியில் வைத்தார். புட்டிகள் இன்னும் வெயில் சூட்டில் இருந்தன. அவர் சுற்றி வந்து உட்கார்ந்து, கண்ணாடியில் பின்னால் பார்த்து, வண்டியைத் திருப்பினார்.

"நாளைக்கும் இதே டைமுக்குத்தானே எறங்குவே?" என்று கேட்டார்.

"ஆமா," என்றேன்.